உள்மடிப்பு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலமா? இந்த வரி இல்லாவிட்டால் நீ மேற்கொண்டு படிக்கமாட்டாய் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். இனி விஷயம்.

என்னோடு போனில் பேசுவது ரயிலுக்கு ஓடுகிறவனோடு பேசுவதுபோல இருக்கிறது, இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன். தபால்காரருக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு. இந்தக் கட்டடத்தில் கையால் எழுதின கடிதம் வருவது எனக்கு மட்டும்தானாம்.

அறை பரவாயில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து ஏசி பெட்டிகளின் முதுகு தெரியும். ஆய்வுக்கூடம் முழுக்கப் புளித்த மாவு வாசனை. நான் வேலை செய்வது ஈஸ்டில். ரொட்டியை உப்ப வைக்கிற அதே ஈஸ்ட். போன வாரம் அப்பா போனில், "அப்ப நீ ரொட்டிக் கடையில இருக்கேன்னு சொல்லிக்கட்டுமா?" என்று கேட்டார். சொல்லிக்கொள்ளட்டும். மற்றபடி விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

உனக்கு மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு ஈஸ்ட் செல்லையும் மெல்லிய கொழுப்புச் சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அது கிழிந்தால் செல் காலி. அந்தச் சவ்வில் சில புரதங்கள் கூட்டாக உட்கார்ந்துகொண்டு, சவ்வு எவ்வளவு இழுபடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன. கைனேஸ் கூட்டமைப்பு என்று பெயர். ஆபீசில் முத்திரை குத்துகிற அதிகாரி மாதிரி வைத்துக்கொள். இழுவை கூடினால் முத்திரை விழும். முத்திரை விழுந்தால் புதுச் சவ்வுக்குக் கொழுப்பு தயாராகும். அந்த அதிகாரியின் காது மந்தமானால் என்ன நடக்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

அப்பாவின் கால் வீக்கம் என்ன ஆயிற்று? உப்பைக் குறைத்தால் வடிந்துவிடும். எலக்ட்ரீஷியன் அத்தானிடம் (முன்கூட்டியே கூப்பிட்டுப் பழகுகிறேன்) கடை வயரிங்கை முடிக்கச் சொல். இரண்டு தையல் மெஷின் இருக்கிற கடைக்கு ஒரு மனுஷன் எத்தனை மாதம்தான் வயர் இழுப்பார்?

தம்பி

பிப்ரவரி 3

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இருமல் நின்றதா?

அப்பாவின் கால் வீக்கம் முழங்கால் வரை ஏறியது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் இரண்டும் களைத்துவிட்டனவாம். இனி மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள், ஆரம்பித்துவிட்டார்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லவில்லை, ஆனால் பேசும்போது சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். அதற்கென்று கோடு போட்ட டம்ளர் ஒன்று வாங்கினேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்ணி லாரி ஓட்டி ஊருக்கே ஊத்துனவன் நான். எனக்கு இம்மாந்துண்டு டம்ளரா?" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

உன் ரத்தம் என்ன வகை? வீட்டில் உள்ளவர்களுடையதைக் கேட்டு எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கும் அப்பாவுக்கும் ஒன்றுதான் என்று இப்போதுதான் தெரிந்தது. இந்த வருஷம் உனக்கு லீவு எப்போது கிடைக்கும் என்றும் எழுது.

அந்தச் செல்லுக்குள் தண்ணீர் புகுந்தால் அதன் சவ்வு என்ன செய்யும்?

அன்புடன் அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் போய்விட்டது.

அப்பா விஷயம் படித்தேன். டயாலிசிஸ் என்பது ஒரு வடிகட்டி, அவ்வளவுதான். ஒழுங்காகப் போய்வந்தால் வருஷக்கணக்கில் ஓட்டலாம். அழுதுகொண்டு உட்காராதே. டம்ளர் விஷயத்தில் அவருக்கு இடம் கொடுக்காதே.

என் ரத்தம் ஓ பாசிட்டிவ். அப்பாவுக்கும் அதுதானே? ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் என்னிடம் எதையும் கேட்காதே. லீவு கிடையாது. நான் ஒரு வாரம் நகர்ந்தால் மூன்று மாத வேலை போய்விடும். செல் எனக்காகக் காத்திருக்காது. ரத்தம் வேண்டுமென்றால் அங்கேயே யாராவது கொடுப்பார்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

உன் கேள்விக்கு வருகிறேன். பள்ளிச் சட்டை தைக்கும்போது பையன் வளர்வான் என்று உள்மடிப்பு விடுவாயே, ஈஸ்ட் சவ்விலும் அப்படி மடிப்புகள் உண்டு. உப்பு நீரில் இருக்கிற செல்லைத் தூக்கி வெறும் தண்ணீரில் போட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து செல் வீங்கும். உடனே மடிப்பு பிரிந்து இடம் கொடுக்கும். மடிப்புக்குள் ஒளிந்திருந்த ஒரு தூதுப் புரதம் வெளியே வந்து அந்தக் கூட்டமைப்பிடம் போய்ச் சேரும். அது முத்திரை குத்தும். புதுக் கொழுப்பு வரும். சவ்வு தப்பிக்கும். எல்லாம் சில நிமிஷத்தில். மைக்ரோஸ்கோப்பில் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும்; பார்த்தால் நீயே உட்கார்ந்துவிடுவாய்.

தம்பி

ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். உன் நலத்தை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. சில நாள் கடையைக் காஜா எடுக்கிற அம்மாவிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அந்த அம்மா என் இடத்தில் உட்கார்ந்ததும் வாடிக்கையாளர்களை அதட்ட ஆரம்பித்துவிட்டதாம். கூட்டம் குறையவில்லை.

அப்பாவுக்கு மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. முடிந்து வந்தால் அன்று முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். இரத்த அழுத்தம் இறங்கி இரண்டு தடவை மயக்கம் போட்டார். வேறு வழி இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். பார்க்கலாம்.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். மடிப்பு பிரியும் என்று எழுதியிருக்கிறாய். எல்லா மடிப்பும் பிரிந்த பிறகும் வீக்கம் நிற்கவில்லை என்றால்? அதை நீ எழுதவில்லை.

எலக்ட்ரீஷியன் இப்போது வருவதில்லை. வயரிங் முடிந்துவிட்டதே.

அன்புடன் அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் முதலியவை. கேள், நல்ல செய்தி.

கூட்டமைப்பு பலவீனமான ஈஸ்ட் வகை ஒன்று என்னிடம் இருக்கிறது. சூடு கொஞ்சம் ஏறினாலே அந்த அதிகாரிக்குக் காது கேட்காது. அப்போது செல் வீங்கினால் புதுக் கொழுப்பு வராது, வெடித்துச் சாக வேண்டும். உன் கேள்விக்குப் பதில் அதுதான்: மடிப்பும் தீர்ந்து முத்திரையும் விழாவிட்டால் சாவு. எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

என் செல்கள் சாகவில்லை. வெறும் தண்ணீரில் போட்டேன், சூடேற்றினேன், மறுநாள் தட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக வளர்ந்து நிற்கின்றன. மூன்று தடவை செய்தாயிற்று. கூட்டமைப்பு இல்லாமலே சவ்வு தன்னைப் பார்த்துக்கொள்கிறது. இது யாருக்கும் தெரியாத விஷயம். பேராசிரியர் என் தோளைத் தட்டினார்; அவர் யார் தோளையும் தட்டுகிற ஆள் இல்லை.

இங்கே கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி. நாங்கள் வைத்த பெயர் உறைபெட்டி. வாரா வாரம் ஆழ்குளிர்ப் பெட்டியிலிருந்து மூலச் செல்லைப் புதிதாக எடுத்து வளர்த்துத்தான் எதையும் ஆரம்பிப்பாள். நான் சாதாரணப் பிரிட்ஜில் வைத்திருக்கிற அதே தட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். "அந்தத் தட்டு கிழமாயிடுச்சு, தூக்கிப் போடு" என்றாள். புதிதாக வளர்க்க நாலு நாள் ஆகும். யாருக்கு நேரம் இருக்கிறது?

அப்பாவிடம் சொல், மகன் ரொட்டிக் கடையில் பெயர் வாங்கிவிட்டான் என்று. வேறு வழி என்று டாக்டர் சொன்னது என்ன? உன் கடிதங்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன.

தம்பி

ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலம். இத்தனை நாள் எழுதாததற்கு என்னைத் திட்டியிருப்பாய். எழுத்து சாய்ந்திருக்கிறதே என்று பார்க்காதே, படுத்துக்கொண்டு எழுதுகிறேன். துணிக் கட்டைத் தூக்கினதில் விலா ஓரம் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாள் பெடல் மிதிக்க வேண்டாம் என்று ஓய்வில் இருக்கிறேன். சோம்பேறித்தனம் நன்றாகத்தான் இருக்கிறது.

உன் வெற்றியை அப்பாவிடம் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரருக்கு, டீ கொண்டுவருகிறவருக்கு, மாடிப்படி துடைக்கிறவருக்கு எல்லாம் சொல்லிவிட்டார். அப்பா இப்போது மெஷினுக்குப் போவதில்லை. தண்ணீர் குடிக்கிறார். முதல் நாள் ஒரு செம்பு முழுக்கக் குடித்துவிட்டு வாயைத் துடைக்காமலே உட்கார்ந்திருந்தார். அதை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். கடைக்கு வருகிற ஒருவர் வீட்டில் பழைய மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று புதிதாக ஒன்று கொடுத்திருக்கிறார்கள். சிரோலிமஸ் என்று பெயர். ராபமைசின் என்றும் சொல்வார்களாம். நீ இங்கே இருந்தபோது இந்தப் பெயரை அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தாய் அல்லவா? உன் ஈஸ்டுக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தமா? அது நம்பக்கூடிய மருந்தா?

அன்புடன் அக்கா

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். விலாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கட்டைத் தூக்க ஆள் வைத்துக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது?

அப்பா மெஷினுக்குப் போவதில்லை என்றால் சிறுநீரகம் தேறிவிட்டது என்று அர்த்தம். சில பேருக்குத் தேறும். பார்த்தாயா, நான் வந்திருந்தால் வேலைதான் கெட்டிருக்கும்.

மருந்தைப் பற்றி: ஆமாம், இரண்டும் ஒன்றுதான். என் கூட்டமைப்புக்கே அந்த மருந்திலிருந்துதான் பெயர் வந்தது. அப்படிப்பட்ட கூட்டமைப்பு இரண்டு உண்டு. மருந்து பிடிப்பது முதலாவதை. நான் பார்க்கும் இரண்டாவது ஈஸ்டில் அதற்கு அசைந்துகொடுக்காது. மனிதர்களுக்கு அதை எதற்குக் கொடுப்பார்கள் என்றால், இன்னொருவர் சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்டவர்களின் உடம்பு அதை அந்நியம் என்று அடித்துத் துரத்தாமல் இருக்க. நல்ல மருந்துதான். ஆனால் புண் சீக்கிரம் ஆறாது. உன் வாடிக்கையாளரைத் தையல் போட்ட இடத்தைக் கவனிக்கச் சொல். சில பேருக்கு என்ன மருந்து கொடுத்தாலும் உடம்பு துரத்தத்தான் செய்யும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு இங்கே தலைக்கு மேல் வேலை. கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறோம். அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை மூலச் செல்லை எடுத்துச் சோதித்தே ஆக வேண்டும் என்று உறைபெட்டி பேராசிரியரிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். நாலு நாள் தண்டம்.

தம்பி

அக்டோபர் 12

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. போன் செய்தால் காஜா அம்மா எடுத்து, "அக்கா வெளிய போயிருக்கு தம்பி" என்கிறது. தினமும் எங்கே போகிறாய்?

என் கண்டுபிடிப்பு செத்துவிட்டது. ஆழ்குளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்து வளர்த்த மூலச் செல்களை வெறும் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினேன். எல்லாம் வெடித்தன, புத்தகத்தில் இருக்கிறபடியே. பிழைத்தவை என் பிரிட்ஜ் தட்டில் இருந்தவை மட்டும். மாதக்கணக்கில் ஒரே தட்டில் கிடந்ததில், அந்தப் பலவீனத்தோடே காலம் தள்ளுவதற்காக, அதில் ஒன்று தனக்குள் வேறொரு மரபணுவை உடைத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றை உடைத்துக்கொண்டு இன்னொன்றைச் சமாளித்திருக்கிறது. பிறகு தட்டு முழுக்க அதன் வாரிசுகள்தான். வெளியே பார்த்தால் கொழுகொழுவென்று இருக்கும். நானும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

உறைபெட்டி கேலி செய்யவில்லை. "நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சா, எதை உடைச்சுக்கிட்டு நல்லா இருக்குன்னு கேக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

அறைக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ரத்த வகை கேட்டிருக்கிறாய். டாக்டர் சொன்ன வேறு வழி என்ன என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. ஏப்ரலில் கடையில் நீ இல்லை. ஜூனில் கடிதம் இல்லை, ஜூலையிலும் இல்லை. ஆகஸ்டில் படுத்துக்கொண்டு எழுதுகிறாய், விலா ஓரம் வலிக்கிறது, அப்பா செம்புத் தண்ணீர் குடிக்கிறார், யாரோ ஒருவர் வீட்டில் சிரோலிமஸ். களைத்துப்போன சிறுநீரகம் தானாகத் தேறாது அக்கா. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே தேறிவிட்டது என்று உனக்கு எழுதினேன்.

அப்பாவுக்கு யாருடைய சிறுநீரகம்? சுற்றி வளைக்காமல் எழுது.

தம்பி

அக்டோபர் 30

அன்புள்ள தம்பிக்கு,

நேராகவே எழுதுகிறேன். என்னுடையது. ஜூன் மாதம்.

பிப்ரவரியில் உன் ரத்த வகையைக் கேட்டபோது அடுத்த வரியையும் எழுதியிருந்தேன். நம் இரண்டு பேரில் யாருடையது பொருந்துகிறது என்று பார்க்கலாமா என்று. உனக்கு அங்கே என்ன நிலைமையோ, முதலில் லீவை மட்டும் கேட்போம் என்று அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். இந்த வருஷம் எதையும் கேட்காதே என்று நீ பதில் போட்டாய். கேட்கவில்லை. இதைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை, நீ நேராக எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

கடிதம்தான் எழுத வேண்டும் என்று உன்னை வற்புறுத்தியதும் ஒரு வகையில் நல்லதாயிற்று. போனில் என் குரல் காட்டிக்கொடுத்திருக்கும்.

நான் கொடுக்கப்போவது தெரிந்ததுமே எலக்ட்ரீஷியனின் அம்மா வந்து, ஒரு கிட்னியோடு இருக்கிற பெண்ணுக்குக் குழந்தை தங்குமா என்று கேட்டார். தங்கும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மகன் பக்கத்திலேயே உட்கார்ந்து சுவிட்ச் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வரவில்லை.

அப்பாவுக்கு அது இரண்டு மாதம் நன்றாக வேலை செய்தது. பிறகு நீ எழுதியிருந்தபடியே அவர் உடம்பு அதைத் துரத்த ஆரம்பித்தது. மருந்தை மாற்றிப் பார்த்தார்கள், கூட்டிப் பார்த்தார்கள். போன மாதம் நின்றுவிட்டது. மறுபடியும் மெஷின், மறுபடியும் கோடு போட்ட டம்ளர். தினமும் நான் போகிற இடம் அதுதான்.

என்னைவிட அப்பாவுக்குத்தான் வருத்தம். "நீ குடுத்தத வச்சுக்கத் தெரியலையேம்மா எனக்கு" என்கிறார். அதைக் கேட்கத்தான் முடியவில்லை.

நீ சாப்பிடுகிறாயா?

அக்கா

நவம்பர் 16

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீ அங்கே இருக்கமாட்டாய், இங்கே என் எதிரில் இருப்பாய். திரும்பிப் போய்க் கதவைத் திறக்கும்போது காலடியில் கிடக்கும். எதிரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு வராது.

போன வாரம் போனில், "நான் கிளம்பி வர்றேன், என்னோடத எடுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். நீ மாறவே மாட்டாய். அப்பாவிடம் சொன்னேன். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "ஒருத்திய அறுத்தது போதும். அவன் வரட்டும், பாக்கணும். ஆனா அதுக்கு இல்ல" என்றார்.

மறுநாள் மெஷினுக்கு வரமாட்டேன் என்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டார். நான் கெஞ்சினேன், திட்டினேன். டாக்டர் வீட்டுக்கே வந்து பேசினார். நீ வருகிற வரைக்குமாவது என்று கேட்டேன். "அவன் வந்தா பேசிப் பேசியே படுக்க வச்சிருவான். அவனுக்குப் பொறுமை கிடையாது, எனக்குத் தெம்பு கிடையாது" என்றார். அதில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

நேற்று மத்தியானம் தண்ணீர் கேட்டார். கோடு போட்ட டம்ளரை எடுத்தேன். "அது வேண்டாம்" என்றார். அப்போது அவருக்கு முகம், கை, கால் எல்லாம் வீங்கியிருந்தது. இன்னும் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், நீதான் எழுதியிருக்கிறாயே. செம்பில் கொடுத்தேன். பாதிதான் இறங்கியது. குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். இன்று காலையில் போய்விட்டார்.

உனக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. விமானத்தில் இருப்பாய். நீ இறங்கும்போது என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை. தண்ணீர் கொடுத்ததை மட்டும் சொல்லமாட்டேன். இங்கே எழுதிவிட்டேன்.

அக்கா

ஜனவரி 11

அக்காவுக்கு,

கதவடியில் கிடந்தது. படித்தேன். நானாக இருந்தாலும் செம்பில்தான் கொடுத்திருப்பேன். இதை இதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

பழைய தட்டுகளைக் கொதிகலனில் வேகவைத்துக் கொட்டிவிட்டேன். மூலச் செல்லிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். நாலு நாள் ஆகிறது, காத்திருக்கிறேன். நீ நம்பமாட்டாய்.

வீட்டில் இருந்த நாட்களில் உன்னைக் கவனித்துக்கொண்டிருந்தேன். மாலையானால் செருப்பின் வாரைத் தளர்த்திக்கொள்கிறாய். கேட்டதற்கு, நின்றுகொண்டே துணி வெட்டினதால் என்றாய். நான் கிளம்புகிற அன்றும் வாசலில் வந்து நின்று, "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீ போ" என்றாய்.

இனி உன் கடிதத்தில் நலம் என்கிற சொல் வேண்டாம். நானும் எழுதவில்லை பார். ரத்தப் பரிசோதனைக்குப் போ. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியேட்டினின் எவ்வளவு என்று அந்த எண்ணை அப்படியே எழுது. கால் வீங்கியிருந்தால் வீங்கியிருக்கிறது என்று எழுது. எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுக்காதே, முதல் தாளையே அனுப்பு.

என் ரத்தம் ஓ பாசிட்டிவ். லீவு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். இந்தத் தடவை நீ கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

தம்பி